எந்த அறையில் மாட்டுவது?

ஏ.சி. மாட்ட வருகிற மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரூம்லம்மா மாட்டணும்?" இரண்டாவது, "அவுட்டோர் எங்க வைக்கணும்?" சித்திரை பிறந்துவிட்டால் காரைக்கால் கடைகளிலிருந்து சரக்கு ஆட்டோக்களில் ஏறும் அட்டைப் பெட்டிகள் நிரவி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் என்று நாலா பக்கமும் போகின்றன. போய் இறங்கும் வீடுகளில் முதல் கேள்விக்கான பதில் பெட்டியை வாங்குவதற்கு முன்பே முடிவாகியிருக்கும்: பெட்ரூம். இரண்டாவது கேள்விக்கும் யாரும் அதிகம் யோசிப்பதில்லை: கொல்லைப்பக்கம். இந்த இரண்டு பதில்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனதில் எழுதியது இது.

பெரிய அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் கூரையை ஒட்டித் தகரக் குழல்கள் ஓடும். 'டக்ட்' என்பார்கள். ஒரே இயந்திரத்தின் குளிர்காற்று அவற்றின் வழியே எல்லா அறைக்கும் பிரிந்து போகும். நம் வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி.யில் அந்தக் குழல் கிடையாது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் விரல் பருமன் செம்புக் குழாய்கள், ஒரு மின்கம்பி, தண்ணீர் வடிய ஒரு பைப். சுவரில் இரண்டரை, மூன்று அங்குல அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. குளிர் அந்த ஓர் அறையோடு நின்றுகொள்ளும். நடுத்தர வர்க்கத்துக்கு அது எட்டியதற்கு இதுதான் காரணம். வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடு என்று அது நம்மைக் கேட்பதற்கும் இதுதான் காரணம். தேர்வு என்று வந்துவிட்டால், தேர்ந்தெடுப்பது யார் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. இன்று பருவத்தின் பெயராக வழங்கும் கோடை, மேல்காற்றின் பெயரும்கூட. காரைக்காலில் வெயில் காலத்தைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைகாசி, ஆனியில் உள்நாட்டிலிருந்து வறண்ட மேல்காற்று வீசும். கடல்காற்று அதை எதிர்த்துக் கரையேறும்வரை ஊர் காந்தும். ஏறிய பிறகு வேறு தொல்லை: காற்றில் ஈரம் மிகுந்து உடல் பிசுபிசுக்கும். உள் மாவட்டங்களில் ஓரளவு உதவும் ஏர் கூலர் கடற்கரையில் எடுபடாமல் போவது இதனால்தான். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவி அது. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் காற்றில் அது என்ன செய்யும்?

சன்னல் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். அதற்கு முன் நம்மிடம் காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இங்கிருந்து வடக்கே கடலோரமாகவே போனால் வரும் பூம்புகாரின் மாளிகைகளைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில் இச்சொல்லைப் பார்க்கலாம். நெடுநல்வாடையில் குளிர்காலம் வந்ததும் கோடையில் தென்றலைத் தந்த சாளரங்களை அடைத்துத் தாழிடுகிறார்கள். விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டு, அவற்றில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. வேனிற்பள்ளி என்று வெயில் காலத்துக்கெனத் தனிப் படுக்கையிடமே அங்கே சொல்லப்படுகிறது. வகுப்பில் இந்த வரிகளை நடத்தும்போது, அந்த விசிறிகளை யார் வீசியிருப்பார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் எந்த மாணவியாவது கேட்டுவிடுகிறாள். நல்ல கேள்வி.

வளமனைகளுக்கு வேனிற்பள்ளி இருந்தது. மற்ற வீடுகளின் வேனிற்பள்ளி திண்ணையும் தெருவும் மொட்டை மாடியும்தான். அவை ஆண்களுக்கானவை. என் சிறுவயதில் எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்குமேல் நடந்தால் இரு பக்கத் திண்ணையிலும் கயிற்றுக் கட்டிலிலும் ஆண்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பெண்கள் உள்ளே. முற்றம் வைத்த வீடாக இருந்தால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் கொஞ்சம் காற்று கிடைக்கும். முற்றம் இல்லாத வீடுகளில், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பாலோ பனையோலை விசிறியாலோ வீசியபடியே தூங்கிப்போவார்கள். சன்னலையும் சாத்தியாக வேண்டும். ஊர் முழுக்க ஒரே காற்றுதான் வீசியது. அது எந்த உடல்மீது படலாம் என்பதை மானமும் அச்சமும் வகுத்திருந்தன.

இந்தியாவிலிருந்த ஐரோப்பியரின் வீடுகளில் பங்கா வந்தது. கூரையிலிருந்து தொங்கும் துணிச்சட்டம், அதில் கட்டிய கயிறு. சுவரிலுள்ள துளை வழியாக வெளியே போகும் அந்தக் கயிற்றைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஓர் ஆள் இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே குளிரும். இழுப்பவர் வெக்கையில் இருப்பார். இன்று கோர் கட்டிங் இயந்திரம் சுவரில் துளைபோடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பங்காத் துளை ஞாபகம் வரும். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளிவிட ஒரு வழி. வெளியே யார் இருக்கிறார்கள் என்பது அறைக்குள் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஏ.சி. வாங்கும்போது 'ஒரு டன்னா, ஒன்றரை டன்னா' என்று கேட்பார்கள். டன் என்பது பெட்டியின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பனிக்கட்டியின் கணக்கு. ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். ஏறத்தாழ 3.5 கிலோவாட். இந்த அளவை பிறந்த அமெரிக்காவிலிருந்துதான் பனிக்கட்டியே ஒரு காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பேருந்து நிறுத்தத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.

செயற்கைப் பனிக்கட்டி ஆலைகள் வந்ததும் கப்பல் வணிகம் படுத்தது. கட்டடம் கைமாறியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் இடையில் அது பெண்கள் வாழ்ந்த வீடாக இருந்ததை நினைவுகூர்பவர்கள் குறைவு. பால்ய மணத்தில் கணவனை இழந்து, பின்பு படித்து, 1911இல் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி ஆர்.எஸ். சுப்பலட்சுமி, இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்கவைக்க ஓர் இல்லம் தொடங்கினார். எழும்பூரில் தொடங்கிய அந்த இல்லம் சில ஆண்டுகளில் ஐஸ் ஹவுசுக்கு வந்தது. மொட்டையடிக்கப்பட்ட தலையும் ஒருவேளைச் சோறுமாக ஏதோவொரு வீட்டின் பின்கட்டில் கிடந்திருக்க வேண்டிய சிறுமிகள், கடலைப் பார்த்த மாடியில் பாடம் படித்தார்கள். அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமானது என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். கடற்காற்றுக்கும் சாதி இருந்தது.

புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பெருங்கோப்பெண்டு அடுக்கிச் சொல்லும் கைம்மை நோன்புப் பட்டியலில் பாயில்லாத படுக்கையும் உண்டு. உடலுக்குச் சுகம் தரக்கூடாது என்பது கைம்பெண்ணுக்கு வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்ட விதி. மற்றப் பெண்களுக்கு எழுதாமல் விட்ட விதி. வேறுபாடு அவ்வளவுதான்.

இயந்திரத்தின் கதைக்கு வருவோம். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் ஏ.சி. மனிதர்களுக்கானது அல்ல. ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் தாள் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. தாளைக் காப்பாற்றத்தான் காற்றை உலர்த்தினார்கள். பிறகு ஆலைகள், திரையரங்குகள், கடைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் டக்ட் வைத்த மத்தியக் குளிரூட்டல் பரவியபோது, அதன் ஒரு கிளை சமையலறைக்கும் போனது. பெண்ணுரிமை பார்த்து யாரும் அப்படிச் செய்யவில்லை. வீடு முழுதும் ஒரே குழலில் இருந்ததால் அடுப்படியை விட்டுவிட வழியில்லாமல் போனது. ஜப்பானில் வீடுகள் சிறியவை, சுவர்கள் மெல்லியவை. அங்கே 1960களில் இரைச்சல் போடும் பாகத்தைப் பிரித்து வெளியே வைத்து, குளிர் தரும் பாகத்தை மட்டும் சுவரில் மாட்டும் முறை வீடுகளுக்கு வந்தது. நமக்கு வந்து சேர்ந்தது அந்த வடிவம்.

நம் ஊரில் முதலில் வந்தது மின்விசிறி. அதுவும் கூடத்துக்கு. சமையலறையில் விசிறி மாட்டினால் அடுப்பு அணையும் என்பது எல்லா வீட்டிலும் சொன்ன காரணம், ஓரளவு உண்மையும்கூட. அப்பா சாப்பிடும் இடத்துக்கு மேலே விசிறி சுழலும். பரிமாறுகிறவர் அதன் வட்டத்துக்குள் வந்து வந்து போவார். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டரோடு ஒரு மேசை விசிறியும் குடும்பப் பெண்களுக்கு வழங்கத் தொடங்கினார்கள். இலவசம் என்று ஏளனம் செய்தவர்கள் நிறைய. எனக்கு அந்தத் திட்டத்தில் பிடித்தது, விசிறி மேசை விசிறியாக இருந்ததுதான். கூரையில் மாட்டியது மாட்டிய இடத்தில் சுற்றும். மேசை விசிறியைப் பெண் தான் இருக்கும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

ஏ.சி.யைப் பெண்கள் முதலில் அறிந்தது 'குளுகுளு வசதி' என்று சுவரொட்டியில் போட்ட சினிமாக் கொட்டகையில், பிறகு நகைக்கடையில், ஜவுளிக்கடையில். வீட்டுக்கு அது வந்தது மிகச் சமீபத்தில். 2019 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தின்படி அப்போது நூற்றில் 8 வீடுகளில்தான் ஏ.சி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதன்மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. எண்ணிக்கை இனிக் கூடும்.

எங்கள் பகுதியில் அது பல வழிகளில் வருகிறது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்கும் மகன் அனுப்பும் பணத்தில் வருகிறது. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் வரிசையில் சீர்ப் பொருளாக வருகிறது. "பொண்ணுக்கு ஏ.சி.யில தூங்கித்தான் பழக்கம்" என்று பெண் வீட்டார் தாங்களாகவே சொல்லித் தருவார்கள். கேட்டு வாங்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். எந்த அறை என்ற கேள்வி இங்கே எழவே எழாது. கட்டிலோடு வந்தது கட்டில் இருக்கும் அறைக்குப் போகும்.

சமையலறையில் ஏன் மாட்டக்கூடாது என்று கேட்டால் மெக்கானிக்குகள் சொல்வது தவறில்லை. எண்ணெய்ப் பிசுக்கு காயிலில் படியும், தாளிக்கும் புகை வெளியேற சன்னல் திறந்திருக்க வேண்டும், காற்று வீசினால் அடுப்பு ஆடும். இவற்றோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். கேஸ் அடுப்பின் இரண்டு பர்னரும் முழுவேகத்தில் எரிந்தால் உண்டாகும் வெப்பம், ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். அதாவது மதியச் சமையல் நடக்கும் நேரத்தில் அந்தச் சிறிய அறையில், ஒரு ஏ.சி.யைத் தலைகீழாக ஓடவிட்டு அதன் முன்னால் ஒருத்தி நிற்கிறாள். 2025வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு வேலையிடத்தின் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் பற்றிப் பேசியது. அடுப்படி தொழிற்சாலை இல்லை என்பதால் அந்தச் சட்டம் வாசலோடு நின்றுவிட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வெப்ப அலை அறிவுரைகளில், உச்சி வெயில் நேரத்தில் சமைப்பதைத் தவிருங்கள், சமைக்கும் இடத்தில் கதவு சன்னலைத் திறந்துவையுங்கள் என்று இருக்கிறது. நல்ல அறிவுரை. பகல் ஒரு மணிக்குச் சுடுசோறு கேட்பவருக்கும் அதை ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம்.

சமையல் முடிந்த பிறகாவது அந்தக் குளிர்ந்த அறைக்குப் போகலாமே? இங்கேதான் சட்டத்திலும் இல்லாத, மெக்கானிக்கும் சொல்லாத தடை இருக்கிறது. "ஒருத்திக்காகவா ஏ.சி. போடுறது?" கரண்ட் பில்லை நினைத்துப் பெண்களே தங்களிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. எனக்குத் தெரிந்த வீடுகளில் ஏ.சி. ஓடத் தொடங்கும் நேரத்தை வைத்தே வீட்டு ஆண் எப்போது வந்தார் என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்குத் தேர்வு என்றால் பகலிலும் ஓடும். விருந்தாளி வந்தால் ஓடும். பகல் இரண்டு மணிக்கு, மாதவிடாய் நிற்கும் பருவத்து வெக்கை திடீரென்று கழுத்திலிருந்து நெற்றிக்கு ஏறும் நேரத்தில், அவளுக்காக ஓடாது. நாற்பதுகளில் இருக்கும் நான் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை.

எவ்வளவு குளிர் போதும் என்பதையும் யாரோ முன்பே வகுத்திருக்கிறார்கள். 2015இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதிய கட்டுரை ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. கட்டடங்களின் வெப்பநிலைக்கான தர அளவுகள் 1960களில் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலை வைத்து உருவானவை என்றும், பெண்ணுடல் உண்டாக்கும் வெப்பத்தை அவை 35 சதவீதம்வரை மிகையாகக் கணக்கிடுகின்றன என்றும் அது காட்டியது. ஆண் உடலுக்கு அளந்த குளிரில் அலுவலகப் பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதி வந்தது. மின்சாரச் சிக்கனத்துக்காகக் கொண்டுவந்த விதி, பெண்களுக்கும் கொஞ்சம் நல்லது செய்தது. ஆனால் ரிமோட் யார் தலையணைக்கு அடியில் இருக்கிறதோ அவருடைய உடல்தான் அந்த அறையின் தர அளவு.

இரண்டாவது கேள்வி, அவுட்டோர் யூனிட். முகப்பில் வைத்தால் வீட்டின் அழகு கெடும் என்பதால் கொல்லைக்குப் போகிறது. பாத்திரம் துலக்கும் இடம், துவைகல், துணிக்கொடி எல்லாம் இருப்பது அங்கேதான். வீட்டு வேலைக்கு வருகிற பெண் குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும்போது, படுக்கையறையிலிருந்து உறிஞ்சிய சூடு முழுவதும் அவள் முதுகில் வந்து மோதுகிறது. பங்கா இழுத்தவரின் இடத்தில் இன்று அவள். ஸ்டாண்டு அடிக்கும்போதே, காற்று துவைகல் பக்கம் வீசாதபடி யூனிட்டைத் திருப்பி வைக்கச் சொல்லலாம், ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றச் சொல்லலாம். செம்புக் குழாய் இன்னும் சில அடி கூடுதலாகும், அதற்குத் தனியே காசு. அந்தக் காசைக் கொடுக்கச் சொல்ல வீட்டில் ஒரு குரல் வேண்டும். கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் அந்த வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் சீக்கிரம் அரிக்கும், கேஸ் கசியும். அடிக்கடி சர்வீஸுக்கு ஆள் வர, வீட்டில் இருந்து கதவைத் திறந்து, ஏணி கொடுத்து, "தம்பி, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டு நிற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவதும் அவள்தான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஏ.சி. வேண்டாம், முற்றத்துக்குத் திரும்புவோம் என்று முடிக்க எனக்கு மனமில்லை. முற்றத்து வீடுகளைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் திண்ணையில் படுத்தவர்கள். கதவைத் தாழிட்டு, சன்னலைச் சாத்தி, யாருடைய பார்வையும் படாமல், உடுத்தியதைத் தளர்த்திக்கொண்டு, வியர்க்காமல் ஓர் இரவு முழுக்கத் தூங்குவது நம் அம்மாக்களுக்கு வாய்க்காதது. அந்தத் தூக்கத்தைப் பெண்களுக்கு முதலில் கொடுத்தது இந்த இயந்திரம்தான். மண்ணுக்கும் காற்றுக்கும் அது செய்யும் கேடு உண்மை. ஆனால் அந்தக் கணக்கை முதலில் தீர்க்க வேண்டியவர்கள், இரவு மட்டும் ஒரு டன் ஓட்டும் பெண்கள் இல்லை.

காரைக்கால் 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறியது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16இல். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இங்கே இருந்தன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் இறந்தால், ஓய்வூதியத்தில் ஒரு பங்கு மனைவிக்கு வரும். அப்படித் தன் பெயரில் பணம் வரும் ஒரு மூதாட்டி தன் பழைய வீட்டில் ஏ.சி. மாட்டியபோது நான் போயிருந்தேன். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர். துளை போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் மாட்டச் சொன்னது படுக்கையறையில் இல்லை. சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு அறையில். நடுவிலிருந்த கதவைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிச் சறுக்குக் கதவு போட்டிருந்தார். கீரை ஆய்வது, மீன் தவிர மற்றதை நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் இந்தப் பக்கம். அடுப்பு மட்டும் அந்தப் பக்கம், மேலே எக்ஸாஸ்ட் விசிறியோடு. தாளிக்கப் போய்விட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். "ராத்திரி எனக்குத் தூக்கமே மூணு மணி நேரம்தான். பகல் முழுக்க இங்கதானே கெடக்கறேன்," என்றார். மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை. குளிர் வீணாகும்மா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

வடிகுழாயை மட்டும் அவர் கொல்லைக்கு விடவில்லை. முன்பக்கம் ஒரு வாளியில் விழும்படி இழுத்துவிட்டார். இந்த ஊர் ஈரத்தில் பகல் முழுக்க ஓடினால் வாளி நிறைந்துவிடுகிறது. மாலையில் வாசல் தெளிக்க அந்தத் தண்ணீர்தான்.